முப்பது புடவைக்கு ஆறு ஜாக்கெட்

கும்பகோணத்தில் முப்பத்தோரு வருடம் தையல் மிஷின் மிதித்தவள் நான். ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்காமல் போனதும் கடையை மூடினேன். இப்போது இந்தப் பக்கத்தில் துணிமணி பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: பீரோ நிறையத் துணி, கட்டிக்கொண்டு போக ஒன்றும் இல்லை, கையிலும் காசு இல்லை.

"அக்கா, தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் ஜூன் மாதம் வேலைக்குச் சேருகிறேன். தினமும் புடவைதான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் பீரோவில் முப்பது புடவை இருக்கிறது. ஆனால் ஒரு ஜாக்கெட்கூட எனக்குச் சேரவில்லை. கையில் 6,000 ரூபாய் இருக்கிறது. எத்தனை புடவை வாங்கலாம்?"
புது டீச்சர், பாபநாசம்

ஒன்று. அதுவும் கடைசியில், காசு மிஞ்சினால்.

முப்பது புடவை இருக்கிற வீட்டில் புடவைக்கு என்ன பஞ்சம்? பஞ்சமெல்லாம் ஜாக்கெட்டுக்குத்தான். என் கடைக்கு வங்கியில் வேலை பார்க்கிற அம்மா ஒருவர் வருவார். வருடத்துக்கு ஒரு தடவை வந்து ஐந்து ஜாக்கெட் தைக்கக் கொடுப்பார். எல்லாம் ஒற்றை நிறம். பூ கிடையாது, கரை கிடையாது. புடவையோடு ஒட்டி வருகிற ஜாக்கெட் துணியை வெட்டவே விடமாட்டார். "அது இருக்கட்டும், கொசுவத்துக்கு இரண்டு மடிப்புக் கூடக் கிடைக்கும்" என்பார். அவரிடம் அறுபது புடவையாவது இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற அன்று சொன்னார், மொத்தமே பதினெட்டு.

ஜாக்கெட்டை மாற்றினால் புடவையே மாறின மாதிரி தெரியும். அதனால் நீயும் ஒற்றை நிறத்தில் ஆறு ஜாக்கெட் தைத்துக்கொள். சரி, எந்த ஆறு நிறம்? அதைக் கடையில் போய் நின்றுகொண்டு யோசிக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவின் புடவைகளை எல்லாம் திண்ணையில் பரப்பிப் போடு. டியூப்லைட் வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரியும், அதனால் வெயில் வேண்டும். புடவையின் உடல் நிறத்தை விட்டுவிட்டுக் கரையை மட்டும் பார். உடல் முப்பதும் முப்பது நிறமாக இருக்கும். கரையோ ஐந்தாறு நிறத்துக்குள் அடங்கிவிடும். நான் தைத்துப் பார்த்த நூல் புடவைகளில் அரக்கு, கரும்பச்சை, கருநீலம், கடுகு மஞ்சள் இந்த நாலும்தான் கரையில் திரும்பத் திரும்ப வரும். உன் வீட்டில் எது அதிகமோ அதில் நாலு எடு. அதோடு கறுப்பு ஒன்று, சந்தன நிறம் ஒன்று. ஜரிகைக் கரை போட்ட புடவைகள் பெரும்பாலும் சந்தன நிறத்துக்கு ஒத்துக்கொண்டு போய்விடும். ஒன்றிரண்டு புடவை எதற்கும் சேராமல் அடம் பிடிக்கும். அதை அம்மாவுக்கே விட்டுவிடு.

துணிக்கு டூ பை டூ போதும். பாவிலும் ஊடையிலும் இரட்டை இழை போட்டு நெய்வதால் வந்த பெயர் அது. தினமும் போட்டுத் துவைக்கத் தாங்கும். வாங்கி வந்ததும் மேல்துணி, லைனிங் இரண்டையும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் டெய்லரிடம் கொடுக்க வேண்டும். இரண்டையும் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடை ஆரம்பித்த இரண்டாம் வருடம் ஒரு பெண்ணின் நாலு ஜாக்கெட்டுக்கு மேல்துணியை மட்டும் நனைத்துவிட்டு லைனிங்கை அப்படியே வைத்துத் தைத்துவிட்டேன். முதல் துவையலிலேயே லைனிங் சுருங்கி, மேல்துணி அப்பளம் மாதிரி கொப்பளித்துக்கொண்டது. அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் நாலையும் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூட அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

டெய்லரிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. கழுத்து சாதாரண வட்டம், கை முழங்கைக்கு இரண்டு அங்குலம் மேலே, ஹூக் முன்பக்கம். முதுகில் கயிறு கட்டிக் குஞ்சலம் தொங்கவிட வேண்டாம். நீ போர்டில் எழுதத் திரும்பினால் பின்பெஞ்சுப் பிள்ளைகள் கணக்கைப் பார்க்காது, அது ஆடுவதைத்தான் பார்க்கும். இரண்டு பக்கமும் உள்ளே ஒரு அங்குலம் துணி விடச் சொல். உடம்பு கொஞ்சம் பூசினால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். (கோபித்துக்கொள்ளாதே, எல்லாருக்கும் நடப்பதுதான்.) ஆறையும் ஒரே நாளில் தைக்கக் கொடுக்காதே. முதலில் ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க வீட்டு வேலை செய்து பார், கையைத் தூக்கி மேல்பரணில் இருக்கும் டப்பாவை எடுத்துப் பார். எங்கேயும் பிடிக்கவில்லை என்றால் இனிமேல் அதுதான் உன் அளவு ஜாக்கெட். அதை வைத்து மீதி ஐந்தை வெட்டச் சொல். அம்மாவின் ஜாக்கெட்டைக் கொடுத்து "இதில் கொஞ்சம் குறைத்துக்கோங்க" என்பார்கள் பல பேர். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று எந்த டெய்லருக்கும் தெரியாது.

இப்போது உன் ஆறாயிரம். எங்கள் ஊர் விலையில் சொல்கிறேன். துணியும் லைனிங்குமாக ஜாக்கெட்டுக்கு 210, தையல் கூலி 350, ஆறுக்கு 3,360 ரூபாய். பாப்ளினில் உள்பாவாடை மூன்று, 250 வீதம் 750. பழைய புடவைகளில் ஃபால்ஸ் நைந்துபோயிருக்கும். அடிக்கடி கட்டப்போகிற நாலு புடவைக்கு மட்டும் புது ஃபால்ஸ், பிக்கோ சேர்த்து 480. மொத்தம் 4,590. மிச்சம் 1,410 இருக்கிறதே, அதைத் தொடாதே. தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடி போடுவார்கள். 2,000 ரூபாய் கைத்தறிப் புடவை 1,400-க்கு வரும். பத்து ரூபாய் பஸ்ஸுக்கு. 1935-இல் ஆரம்பித்த கூட்டுறவுக் கடை அது. மாதா மாதம் ஒரு தொகை கட்டினால் கடைசித் தவணையை அவர்களே போட்டு மொத்தத்துக்கும் துணி தருகிற திட்டமும் வைத்திருக்கிறார்கள். சம்பளம் வர ஆரம்பித்ததும் அதில் சேர்ந்துகொள்.

"உள்பாவாடை எந்த நிறத்தில் வாங்கினால் எல்லாப் புடவைக்கும் ஆகும்?"
வாசகி, வலங்கைமான்

எல்லாவற்றுக்கும் ஆகிற நிறம் எதுவும் இல்லை. அரக்கு, கருநீலம், சந்தன நிறம் என மூன்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வாங்காதீர்கள். மெல்லிய புடவைக்குள் வெள்ளைதான் பளிச்சென்று வெளியே தெரியும்.

"பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் 'கேப்சூல் வார்ட்ரோப்' என்று ஏதோ சொல்லி, நல்ல நல்ல துணிகளை எல்லாம் மூட்டை கட்டி யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். நான் பார்த்துப் பார்த்து எடுத்த தீபாவளிச் சுடிதார்களும் அதில் போய்விட்டன. இது என்ன கூத்து?"
ஓர் அம்மா, மயிலாடுதுறை

உங்கள் மகள் சொல்வது ஒன்றும் புதுப் பைத்தியம் இல்லை அம்மா. 1970-களில் லண்டனில் துணிக்கடை வைத்திருந்த சூசி ஃபோ (Susie Faux) என்ற பெண்மணி பரப்பிய யோசனை. ஒன்றோடு ஒன்று சேருகிற மாதிரி நல்ல துணிகள் கொஞ்சம் வைத்துக்கொள், மோஸ்தர் மாறினாலும் அவை மாறாது, மேலே ஒன்றிரண்டு மட்டும் பருவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள் என்பதுதான் விஷயம். 1985-இல் நியூயார்க்கில் டோனா கேரன் என்ற ஆடை வடிவமைப்பாளர் வேலைக்குப் போகிற பெண்களுக்காக ஏழே உருப்படிகளை மாற்றி மாற்றிப் போடுகிற மாதிரி ஒரு வரிசை கொண்டுவந்து பெரிய பெயர் வாங்கினார்.

இதைக் கேட்டதும் "எங்கள் பாட்டி நாலே புடவையில் காலம் தள்ளினாள், இதை நமக்கு வெள்ளைக்காரன் சொல்ல வேண்டுமா?" என்று சிலர் கிளம்புவார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. என் பாட்டியிடமும் நாலு புடவைதான். ஒன்று இடுப்பில், ஒன்று கொடியில், ஒன்று கிழிந்தது, ஒன்று விசேஷத்துக்கு. அடைமழையில் கொடியில் இருப்பது காயாவிட்டால் ஈரத்தோடுதான் கட்டிக்கொண்டு நாற்று நடப் போவாள். அவள் எதையும் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளவில்லை. இல்லாததால் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் மகள் ஒன்றைத் தவறவிட்டிருப்பாள் என்று தோன்றுகிறது. அந்த வெளிநாட்டுப் பட்டியல்களில் கோட்டு, கம்பளிச் சட்டை எல்லாம் இருக்கும். பெங்களூர் குளிருக்கு ஒருவேளை ஆகும். சித்திரை மாதம் மயிலாடுதுறைக்கு வந்தால் என்ன போடுவாள்? துணி வாங்குகிறபோது வெள்ளைப் பருத்தியில் ஒரு குர்தா, கிழிசல் இல்லாத கருநீல ஜீன்ஸ், எந்த மேல்சட்டைக்கும் ஆகிற சந்தன நிற பேண்ட் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். ரெடிமேடாக இருந்தால் உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓவர்லாக் நூல் தொங்குகிறதா, தையலை இரண்டு பக்கமும் இழுத்தால் பல் மாதிரி இடைவெளி தெரிகிறதா, வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை மாதிரி இருக்கிறதா? விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

தீபாவளிச் சுடிதார் போனதில் உங்களுக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். அடுத்த வருடம் நீங்களே எடுக்காமல் பணமாகக் கொடுத்துப் பாருங்களேன்.

"கறுப்புதான் எல்லாவற்றுக்கும் சேரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்குக் கறுப்பு கட்டினால் மாமியார் முகம் சுண்டிப்போகிறது. வேறு என்ன நிறம் அந்த வேலையைச் செய்யும்?"
வாசகி, மன்னார்குடி

மாமியாரோடு சண்டை போடுகிற அளவுக்குக் கறுப்பு முக்கியம் இல்லை. ஆபீஸுக்கும் கடைத்தெருவுக்கும் கட்டுங்கள், கல்யாணத்துக்கு வேண்டாம். ஒரே புடவையைப் பத்து இடத்துக்குக் கட்ட வேண்டுமென்றால் நான் மயில் கழுத்து நிறத்தைச் சொல்வேன். வெயிலில் நீலம், விளக்கில் பச்சை. அதனாலேயே போன தடவை கட்டியதுதான் இது என்று யாருக்கும் சட்டென்று பிடிபடாது. அடுத்தது பாக்கு நிறம். கறைபட்டாலும் தெரியாது. வெங்காயத் தோல் நிறமும் நல்லதுதான், மாநிறத்துக்கு அற்புதமாக இருக்கும். கத்திரிப்பூ நிறத்தை மட்டும் யோசித்து வாங்குங்கள். கடையில் கண்ணைப் பறிக்கும், வீட்டுக்கு வந்தால் எந்த ஜாக்கெட்டோடும் ஒட்டாது. என்னிடமே இரண்டு கிடக்கிறது, ஆடித் தள்ளுபடியில் ஏமாந்து வாங்கியது.

"நான் திருத்துறைப்பூண்டி. தினமும் பஸ்ஸில் திருவாரூருக்குக் கல்லூரிக்குப் போகிறேன். இருப்பது நாலு குர்த்தி, எல்லாவற்றுக்கும் வேறு வேறு லெகிங்ஸ். ஒன்று கிழிந்தால் அந்த செட்டே வீணாகிறது. அப்பா 3,000 ரூபாய் தருவார். என்ன வாங்கட்டும் ஆன்ட்டி?"

நீயே கோளாறைக் கண்டுபிடித்துவிட்டாய் பாப்பா. செட்டாக வாங்குவதுதான் கோளாறு. செட் என்றால் இரண்டு துணிக்குக் காசு கொடுத்து ஒரு உடுப்பு வாங்குகிறோம்.

முதலில் பேண்ட் மூன்று: கறுப்பு, அரை வெள்ளை, கருநீலம். லெகிங்ஸ் வேண்டாம், நேராக இறங்குகிற காட்டன் பேண்ட் எடு. கூட்டமான பஸ்ஸில் வியர்த்து ஒட்டிக்கொண்டு நிற்கிற அவஸ்தை உனக்கே தெரியும். பை வைத்துத் தைக்கச் சொல், போன் வைக்க ஆகும். பெண்கள் துணிக்குப் பை வைப்பதில் நம் டெய்லர்களுக்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நானும் கேட்டால்தான் வைப்பேன், அது வேறு கதை. அப்புறம் கட் பீஸ் கடையில் இரண்டரை மீட்டர் துணியாகத் தேடி இரண்டு குர்த்தி தைத்துக்கொள். ஒன்று சின்னக் கட்டம், ஒன்று ஒற்றை நிறம். பக்கத்துப் பிளவு இடுப்பு வரைக்கும் ஏறாமல் பார்த்துக்கொள். பழைய நாலோடு சேர்த்து ஆறு குர்த்தி, மூன்று பேண்ட். கணக்குப் போட்டால் பதினெட்டு விதம் வரும். உண்மையில் பன்னிரண்டு தேறும், மீதி கண்ணை உறுத்தும். கல்லூரி வாரம் ஆறு நாள்தானே, இரண்டு வாரத்துக்குப் போதும்.

துப்பட்டா மட்டும் கொஞ்சம் கூடக் கொடுத்து நல்ல பருத்தியில் ஒன்று வாங்கு. முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான்.

"வேதாரண்யம் பக்கம் எங்களுக்குத் தண்ணீரெல்லாம் உப்பு. புதுத் துணிகூட ஆறு மாதத்தில் பழுப்பேறிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் காயவைக்கவும் முடியவில்லை. கொஞ்சம் துணியை வைத்துக்கொண்டு சமாளி என்று நீங்கள் எழுதுவதெல்லாம் எங்களுக்கு எப்படிச் சரிவரும்?"
இல்லத்தரசி

நியாயமான கோபம். கொஞ்சம் துணியை அடிக்கடி துவைக்க வேண்டும். உங்கள் தண்ணீரில் அது சீக்கிரம் கெடும். அதனால் மற்றவர்களுக்கு ஆறு ஜாக்கெட் சொன்னால் உங்களுக்கு எட்டு. வெளிர் நிறங்களைக் குறைத்து பாக்கு, அரக்கு, கரும்பச்சை என்று எடுங்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, நாம் இன்னும் இன்னும் போடுவோம், அது துணியிலேயே தங்கிப் பழுப்பாகும். சோப்பைக் குறையுங்கள். கடைசி அலசலுக்கு மட்டுமாவது, கூரையிலிருந்து பிடித்த மழைத் தண்ணீர் இரண்டு வாளி எடுத்துக்கொள்ளுங்கள். மழை மாதத்தில் அது தாராளமாகக் கிடைக்கும்.

காயாத துணியை மடிக்கவே கூடாது. ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி ஆடட்டும். கஞ்சி போட்ட புடவையை மழை மாதத்தில் பீரோவுக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், வெள்ளிப்பூச்சியும் கஞ்சிக்கு வரும். கஞ்சியை அலசி எடுத்துவிட்டு வைத்து, தை பிறந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். புது நூல் புடவையின் சாயத்தை உப்புப் போட்டுப் பிடித்து வைக்கலாம் என்கிற கைவைத்தியத்தை நான் நம்புவதில்லை. முதல் மூன்று தடவை தனியாக அலசினால் போகிற சாயம் போய்விடும்.

"ஆவணியில் நாத்தனார் மகள் கல்யாணம். என்னிடம் இருப்பது என் கல்யாணப் பட்டு ஒன்றுதான், பன்னிரண்டு வருடப் பழசு. வட்டிக்கு வாங்கியாவது ஒன்று எடுக்கச் சொல்கிறார்கள். குறுவைக்கே கடன் வாங்கியிருக்கிறோம்."
வாசகி, திருவிடைமருதூர்

வட்டிக்கு வாங்காதீர்கள். முகூர்த்தத்துக்கு அதே பட்டைக் கட்டுங்கள், ஜாக்கெட்டை மட்டும் மாற்றுங்கள். உடலும் ஜாக்கெட்டும் ஒரே நிறமாக இருந்தால் இப்போது எதிர்நிறத்தில் தையுங்கள், கையில் ஜரிகைக் கரை இருக்கிற துணியாக. புடவையை ரோல் பாலிஷுக்குக் கொடுத்தால் மடிப்புத் தழும்பெல்லாம் போய்ப் புதுசு மாதிரி நிற்கும். கொடுப்பதற்கு முன்னால் மடிப்பு விழுந்த இடங்களில் பட்டு நைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நைந்திருந்தால் பாலிஷ் தாங்காது.

முதல் நாள் ராத்திரி வரவேற்புக்குக் கட்டப் பட்டும் நூலும் கலந்த புடவை போதும். கூறைநாட்டுக் கட்டம் போட்ட புடவை அந்த வகைதான். மயிலாடுதுறையில் இருக்கிற அந்தக் கூறைநாடு கூறைப்புடவைக்குப் பேர்போன இடம். சுத்தப் பட்டைவிட விலை இறங்கும், கோயிலுக்கும் சீமந்தத்துக்கும் பின்னால் ஆகும்.

சுத்தப் பட்டுதான் வேண்டும் என்றால் அறுவடை முடிந்து காசு வந்த பிறகு எடுங்கள். திருபுவனம் உங்களுக்குப் பக்கத்து ஊர்தானே. சரபேஸ்வரர் கோயிலுக்குப் போகிற சாக்கில் கூட்டுறவுச் சங்கக் கடைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பட்டு அது. விசிறி மடிப்பாக மடித்துத் தருவார்கள், அந்த மடிப்பைப் பிரித்துக் காட்டச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள். குறுகிய கரை, மயில் கழுத்து அல்லது மாம்பழ நிறம், புட்டா குறைவு. அப்படி எடுத்தால் இருபது வருடம் கட்டலாம்.

இன்னொன்று. தெருவில் "பழைய பட்டுப் புடவை வாங்குறது" என்று கூவிக்கொண்டு வருகிறவரிடம் அந்தக் கல்யாணப் பட்டைப் போட்டுவிடாதீர்கள். ஜரிகையில் வெள்ளி இருந்தால் அவர் அதற்காகத்தான் வாங்குகிறார், உங்களுக்குத் துணி விலைகூடத் தரமாட்டார். கல்யாணம் முடிந்து வந்ததும் புடவையை நிழலில் காற்றாட விட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பூச்சி உருண்டை ஜரிகையில் படக்கூடாது, கறுத்துவிடும். வேட்டியின் மடிப்பில் வசம்புத் துண்டு இரண்டு போதும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை மாற்றி வையுங்கள். கார்த்திகைத் தீபத்தன்று ஒரு தடவை, மாசி மகத்தன்று ஒரு தடவை என்று நாள் வைத்துக்கொண்டால் மறக்காது.